கட்டைவிரலுக்கு ஒரு கடன் நாண்

உங்கள் வலக்கையை மேசைமேல், உள்ளங்கை படும்படி விரித்து வையுங்கள். மற்ற நான்கு விரல்களும் உள்ளங்கையும் மேசையை விட்டு எழும்பக் கூடாது. இப்போது கட்டைவிரலை மட்டும் மேல்நோக்கித் தூக்குங்கள்.

தூக்கிவிட்டீர்கள் அல்லவா? இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். 2022 டிசம்பரில் ஒரு நாள் என்னால் இதைச் செய்ய முடியவில்லை. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு அதிலுள்ள இயற்பியலுக்கு வருகிறேன்; ஏனெனில் கதையைவிட இயற்பியல் சுவையானது.

அந்த ஆண்டு அக்டோபர் மழையில் கல்லூரித் தாழ்வாரத்தில் வழுக்கி விழுந்தேன். விழும்போது யாரும் செய்வதைப்போல் கையை ஊன்றினேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் பக்கமாக உள்ள ஆர எலும்பில் விரிசல். எலும்பு இடம் பெயரவில்லை, அதிர்ஷ்டசாலி நீங்கள் என்றார்கள். ஐந்து வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபின் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. மணிக்கட்டின் மேற்புறம் மட்டும், கட்டைவிரலை அசைக்கும்போது கரகரவென்று ஓர் உறுத்தல் இருந்தது. பொருட்படுத்தவில்லை.

மேலும் இரண்டு வாரம் கழித்து, வகுப்பில் மேசைமீது கிடந்த சாக்பீஸை எடுக்கக் கை நீட்டினேன். கட்டைவிரல் திறக்கவில்லை! வலி ஏதும் இல்லை; வீக்கம் இல்லை. மடக்கச் சொன்னால் மடங்குகிறது, அழுத்தச் சொன்னால் அழுத்துகிறது. ஆனால் உள்ளங்கைப் பக்கம் சாய்ந்த விரல், மேலே வர மறுக்கிறது. இடக்கையால் தூக்கி விட்டால் நிற்கும். கையை எடுத்ததும் தொப்பென்று விழும்.

கட்டைவிரலின் வேலை பிடிப்பதுதானே, தூக்க முடியாவிட்டால் என்ன என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அன்று மாலை வரை. ஒரு டம்ளரைப் பிடிக்க வேண்டுமானால், அதற்கு முன் கையை டம்ளரைவிட அகலமாகத் திறக்க வேண்டும். சட்டைப் பொத்தானிலிருந்து ஸ்கூட்டர் கைப்பிடி வரை எல்லாவற்றுக்கும் இதே விதி. திறக்காத பிடிக்குறடு எதைப் பிடிக்கும்? ஆய்வகத்தில் மாணவர்களுக்கு ஸ்க்ரூ கேஜ் பிடிக்கக் கற்றுத்தர வேண்டியவன் நான். அன்று இரவு தூக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வில்லும் நாணும்

தசை, எலும்பு இவற்றுக்கு இடையே பாலமாக இருக்கும் வெண்ணிற வடத்தைத் தமிழில் தசைநாண் என்கிறோம். அருமையான சொல். வில்லின் நாண் எவ்வாறு தானாக எதையும் செய்யாமல் விசையை மட்டும் கடத்துகிறதோ, அவ்வாறே தசைநாணும் சுருங்காது, விரியாது. தசை சுருங்கும்போது எலும்பை இழுத்துத் தரும், அவ்வளவே. விரல்களுக்குள் அவற்றை நீட்டி மடக்கும் தசை கிடையாது. அந்த எஞ்சின்கள் எல்லாம் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. விரலுக்கு வருவது கயிறுகள் மட்டுமே. பொம்மலாட்டக்காரர் திரைக்குப் பின்னால் நிற்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேசைமேல் வைத்த கையை மீண்டும் பாருங்கள். கட்டைவிரலை நன்றாகத் தூக்கினால், அதன் அடியில் மணிக்கட்டை நோக்கி இரண்டு வரப்புகள் புடைக்கும். நடுவே ஒரு சிறு குழி விழும். முன்காலத்தில் மேலைநாட்டார் இந்தக் குழியில் மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சியதால், உடற்கூற்றியலில் இதற்கு மூக்குப்பொடிப் பெட்டி என்றே பெயர்! குழிக்கு அந்தப்புறம், சுட்டுவிரலை ஒட்டியிருக்கும் வரப்பைத் தொட்டுப் பாருங்கள். விறைத்த கயிறுபோல் இருக்கிறதே, அதுதான் கட்டைவிரலின் நெடிய நீட்டு நாண். இதன் தசை முன்கையின் நடுப்பகுதியில், பின்புறத்தில் இருக்கிறது. உள்ளங்கை தரையில் பதிந்திருக்கும்போது கட்டைவிரலை மேலே தூக்க இந்த ஒரு நாணால் மட்டுமே முடியும். எனக்கு அறுந்தது இதுதான்.

சரி, நாண் எப்படி அறும்? இழுத்ததால் அறுந்ததா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். தசையின் குறுக்குவெட்டுப் பரப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் மூன்றரை கிலோகிராம் எடை அளவுக்கு இழுவிசை உண்டாகும். நம் கட்டைவிரல் நீட்டுத் தசையின் பயனுறு பரப்பு சுமார் 1 ச.செ.மீ. ஆகவே அது முழு மூச்சாக இழுத்தாலும் 3.5 கிலோ எடை, அதாவது ஏறத்தாழ 35 நியூட்டன். இனி நாணைப் பாருங்கள். நல்ல நிலையிலுள்ள தசைநாண் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 50 நியூட்டனும் அதற்கு மேலும் தாங்கும். விட்டம் 3 மி.மீ. என்று கொண்டால் பரப்பு சுமார் 7 ச.மி.மீ. தாங்கும் விசை 350 நியூட்டன். எஞ்சினால் இழுக்க முடிந்ததைப்போல் பத்து மடங்கு! நம் ஊர்ப் பாலம் கட்டுகிறவர்கள் இவ்வளவு பாதுகாப்பு வைத்துக் கட்டினால் நன்றாயிருக்கும்.

எனவே ஒரு சாக்பீஸை எடுக்கக் கை நீட்டியதால் நாண் அறுந்தது என்பது பொருந்தாது. அது அதற்கு முன்பே செத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

கிணற்றுக் கயிறு எங்கே தேய்கிறது?

கப்பி இல்லாத பழைய கிணற்றைப் பார்த்திருக்கிறீர்களா? கைப்பிடிச் சுவரின் விளிம்பில் கயிறு உரசி உரசிக் கல்லில் பள்ளம் விழுந்திருக்கும். கயிறும் சும்மா இருக்காது. விளிம்பில் உரசும் அந்த இடத்தில்தான் முதலில் இழை பிரியும். தொங்கும் பகுதியில் கயிறு அறுந்து நான் பார்த்ததில்லை. வளைகிற இடத்தில்தான் அறும்.

நம் நாணும் வளைகிறது. முன்கையில் நேராக வந்து, மணிக்கட்டின் பின்புறத்தில் ஆர எலும்பின் மீதுள்ள ஒரு சிறு மேட்டைச் சுற்றி, சுமார் 45 பாகை திரும்பிக் கட்டைவிரலை நோக்கிச் செல்கிறது. அந்த மேடு ஒரு கப்பியாக வேலை செய்கிறது. (உங்கள் மணிக்கட்டின் பின்புறத்தை அழுத்தித் தடவினால் கடுகுபோல் அல்ல, ஒரு கொண்டைக்கடலை அளவு மேடு தட்டுப்படும்.) இதற்கு லிஸ்டர் மேடு என்று பெயர். அறுவைச் சிகிச்சையில் சீழ் பிடிப்பதைக் கார்பாலிக் அமிலத்தால் தடுத்தாரே, அதே ஜோசப் லிஸ்டரின் பெயர்தான்.

கப்பியில் தங்கும் விசை எவ்வளவு? கயிற்றின் இழுவிசை T, திரும்பும் கோணம் θ என்றால், இருபுறத்து இழுவிசைகளின் தொகுபயன் 2T சைன் (θ/2). இழுவிசை 10 நியூட்டன், கோணம் 45 பாகை என்று போட்டுப் பாருங்கள்: 7.65 நியூட்டன். அதாவது நாண் கட்டைவிரலை இழுக்கும் ஒவ்வொரு தடவையும், அந்த இழுவிசையில் முக்கால் பங்கு அளவுக்கு எலும்பு மேட்டை அமுக்குகிறது.

அப்படியானால் நம் எல்லாருக்கும் அறுந்திருக்க வேண்டுமே? அறாமலிருப்பதற்குக் காரணம் எண்ணெய். நாண் இந்த இடத்தில் ஒரு மெல்லிய உறைக்குள் செல்கிறது. உறைக்குள் முட்டையின் வெண்கருபோல் வழவழப்பான நீர் இருக்கிறது. உராய்வுக் குணகம் மிக மிகக் குறைவு, 0.01 என்று கொண்டால், மேட்டைச் சுற்றிவரும்போது நாண் இழக்கும் விசை நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே நாண் உலர்ந்த கயிறு கட்டையின்மேல் உரசுவதுபோல், குணகம் 0.3 என்ற நிலைக்கு வந்தால், மறுபுறம் 10 நியூட்டன் வேண்டுமென்றால் இந்தப்புறம் 12.7 நியூட்டன் இழுக்க வேண்டும். மிகுதியான 2.7 நியூட்டனும் உராய்வுக்குப் போகிறது. உராய்வு நாணைத் தேய்க்கிறது.

ஆனால் என் எலும்பு இடம் பெயரவே இல்லையே, கூர்மையான முனை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லையே? இங்கேதான் ஒரு விந்தை. மணிக்கட்டு எலும்பு முறிந்தவர்களில் மிகச் சிலருக்கே இந்த நாண் அறுகிறது. ஆனால் அப்படி அறுபட்டவர்களைப் பார்த்தால் பெரும்பாலோர் எலும்பு இடம் பெயராதவர்கள்! பலமாக முறிந்தவர் தப்பிக்கிறார், லேசாக விரிசல் விட்டவர் மாட்டிக்கொள்கிறார்.

மருத்துவர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம், அழுத்தத்தைப் பற்றி நீங்கள் படித்ததோடு ஒத்துப்போகிறது. நாண் செல்லும் வழி ஒரு குறுகிய சுரங்கம். கீழே எலும்பு, மேலே தடித்த நார்ப்பட்டை. எலும்பு பலமாக இடம்பெயர்ந்தால் நார்ப்பட்டையும் கிழிந்து, கசியும் இரத்தம் வெளியேறிவிடும். விரிசல் மட்டும் விட்டால் கூரை கிழிவதில்லை. கசிந்த இரத்தம் மூடிய குழாயில் அடைபட்டு அழுத்தத்தைக் கூட்டுகிறது. அந்த இடத்தில் நாணுக்கு வரும் இரத்தக் குழாய்கள் இயல்பாகவே மிகக் குறைவு. அது பெரும்பாலும் சுற்றியுள்ள வழவழப்பு நீரிலிருந்துதான் ஊட்டம் பெறுகிறது. அழுத்தம் ஏறியதும் அதுவும் நிற்கிறது. பட்டினி கிடக்கும் நாண், புதிதாக எலும்பு கூடிய சொரசொரப்பின்மேல் உரசுகிறது. இழை இழையாகப் பிரிந்து, பெரும்பாலும் முறிவுக்குப்பின் மூன்று வாரத்துக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில் ஒருநாள் சத்தமில்லாமல் அறுகிறது. எனக்கு ஏழாவது வாரம்.

எலும்பு முறியாமலும் இது நேரலாம். 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய நாட்டுப் படையில் முரசு அடித்தவர்களுக்குக் கட்டைவிரல் திடீரென விழுந்துவிடும். முரசுக்காரர் வாதம் என்று பெயரிட்டு, நரம்புக் கோளாறு என்று நினைத்தார்கள். நரம்பில் குற்றமில்லை, இடைவிடாமல் குச்சியை ஆட்டியதில் நாண் தேய்ந்து அறுந்திருக்கிறது. கீல்வாதத்தால் உறைகள் அழற்சியுற்றவர்களுக்கும் இது உண்டு. மணிக்கட்டு முறிவுக்கு உலோகத் தகடு வைக்கும்போது, திருகாணி தேவைக்கு மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீண்டு மறுபுறம் துருத்தினாலும் போதும். கிணற்று விளிம்பில் ஆணி அடித்த கதைதான்.

நான் முதலில் பார்த்த மருத்துவர், கட்டைவிரலின் நுனிக் கணுவை நீட்டச் சொன்னார். ஓரளவு நீட்டினேன். நாண் இருக்கிறது, கட்டுப் போட்டதால் வந்த விறைப்பு, சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். மூன்று வாரம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரைக் குறை சொல்லவில்லை. நுனிக் கணுவை நீட்ட உள்ளங்கையின் சிறு தசைகளும் உதவி செய்யும் என்பதால் அந்தச் சோதனை ஏமாற்றும். இரண்டாவது மருத்துவர், கையறுவையில் சிறப்புப் பயிற்சி பெற்ற அம்மையார், வேறு எதையும் கேட்காமல் முதல் பத்தியில் நான் உங்களைச் செய்யச் சொன்னதைச் செய்யச் சொன்னார். கட்டைவிரல் மேசையிலேயே கிடந்தது. "அறுந்துவிட்டது சார்" என்றார். அல்ட்ராசவுண்ட் படத்தில் நாண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இடைவெளி தெரிந்தது.

ஏன் தைக்க முடியாது?

"அறுந்ததைத் தைத்துவிடலாமே?" என்று கேட்டேன். நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள்.

அரிவாள்மணையில் வெட்டுப்பட்டு நாண் அறுந்தால், உடனே வந்தால் தைக்கலாம். இரண்டு முனைகளும் சுத்தமாக இருக்கும். அதுவும் துணி தைப்பதுபோல் அன்று. நாணின் இழைகள் எல்லாம் ஒரே திசையில், நீளவாக்கில் ஓடுகின்றன. இரண்டு துடைப்பங்களை முனைக்கு முனை வைத்து ஊசி நூலால் தைத்து இழுத்துப் பாருங்கள். நூல் ஈர்க்குகளுக்கு இடையே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஆகவே நூலைச் சில இழைகளைச் சுற்றிப் பூட்டுப் போட்டபின்தான் நீளவாக்கில் கொண்டுபோவார்கள். இணைப்பைக் கடந்து செல்லும் நூல் புரிகள் எத்தனை என்பதைப் பொறுத்தே தையலின் வலிமை.

என் நாணோ வெட்டுப்படவில்லை; தேய்ந்து நைந்தது. முனைகள் பழைய பாய்க்கயிறுபோல் பிய்ந்திருக்கும். நைந்த பகுதியை வெட்டி எறிந்தால் நீளம் போதாது. தவிர, எதிரே இழுப்பார் இல்லாத தசை நாளாக ஆகச் சுருங்கி விறைத்து, தன் முனையை முன்கைக்குள் இழுத்துக்கொண்டுவிடும். சில வாரங்களுக்குப்பின் அந்தத் தசையை எவ்வளவு இழுத்தாலும் பழைய நீளத்துக்கு வராது.

இரண்டு வழிகள் இருப்பதாக அம்மையார் சொன்னார். தசை இன்னும் நன்றாக இருந்தால், இடைவெளியில் வேறொரு நாணின் துண்டை ஒட்டுப் போடலாம். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் தொட்டுக்கொண்டு மணிக்கட்டைச் சற்று உட்புறமாக மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் ஒரு மெல்லிய நாண் புடைக்கிறதா? பெரும்பாலும் அதைத்தான் இதற்கு எடுப்பார்கள். அதை எடுத்தாலும் கைக்கு நட்டம் தெரிவதில்லை. உங்களில் சிலருக்கு அது புடைக்காது. பிறவியிலேயே அந்தத் தசை இல்லை என்று பொருள். கவலை வேண்டாம், பிடி குறையாது.

இன்னொரு வழி, எஞ்சினையே மாற்றுவது. அறுந்த கயிற்றின் விரல்புறத்து முனையை, வேலை செய்துகொண்டிருக்கும் வேறொரு தசையோடு பிணைத்துவிடுவது. பழைய தசை, நைந்த நாண், எலும்பு மேடு எல்லாவற்றையும் அப்படியே ஒதுக்கிவிடலாம். எனக்கு இதுதான் நடந்தது.

யாரிடம் கடன் வாங்குவது? கை முட்டியாக மடக்கிக்கொண்டு ஒவ்வொரு விரலாக நீட்டிப் பாருங்கள். சுட்டுவிரல் எளிதாக நீள்கிறது, சுண்டுவிரலும் அப்படியே. நடுவிரலும் மோதிரவிரலும் மட்டும் தனியே வர முரண்டு பிடிக்கின்றன. நான்கு விரல்களையும் நீட்ட ஒரு பொதுத் தசை இருக்கிறது. அதன் நாண்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் ஒன்று இழுத்தால் பக்கத்ததும் வரும். சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் மட்டும் பொதுத் தசையோடு, தனித் தசையும் தனி நாணும் உண்டு. சுட்டுவிரலுக்கு இரண்டு கயிறு. கட்டைவிரலுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றைக் கொடுத்தால் என்ன?

கடன் கொடுப்பவரின் தகுதியை ஓர் இயற்பியல் ஆசிரியர் எப்படிப் பார்ப்பாரோ அப்படியேதான் அறுவை மருத்துவரும் பார்க்கிறார். முதலில் விசை: தசையின் பரப்பு. சுட்டுவிரலின் தனித் தசை, கட்டைவிரல் தசையின் பரப்பில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். போதும், கட்டைவிரலைத் தூக்குவது பளு தூக்குவதாகாது. அடுத்தது ஓட்டம்: தசை எவ்வளவு தூரம் நாணை இழுக்கும் என்பது. மணிக்கட்டை அசைக்கும் தசைகள் சுமார் 3 செ.மீ. இழுக்கும், விரல்களை நீட்டுபவை சுமார் 5 செ.மீ., மடக்குபவை சுமார் 7 செ.மீ. கட்டைவிரல் நீட்டுத் தசையும் சுட்டுவிரல் நீட்டுத் தசையும் ஒரே இனம் என்பதால் ஓட்டம் பொருந்துகிறது. மணிக்கட்டுத் தசை ஒன்றை இணைத்திருந்தால் விசை தாராளமாகக் கிடைத்தும் விரல் பாதி வழியில் நின்றுவிடும். கடைசியாகத் திசை: புதிய நாண் கூடியவரை நேர்க்கோட்டில் இழுக்க வேண்டும், மீண்டும் ஒரு மூலையில் திரும்பித் தேயக் கூடாது.

விசை, ஓட்டம், திசை என்ற இந்தப் பார்வையைக் கையறுவையில் வலியுறுத்தியவர்களில் முதன்மையானவர் நம் மாநிலத்தில் பணியாற்றியவர் என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது. டாக்டர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தார். மருத்துவம் படிப்பதற்கு முன் கட்டடத் தொழில் கற்றவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி வலிக்கும்படி இருந்தது! உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்திருந்தாலும் முன்கையின் பெரிய எஞ்சின்கள் நன்றாக இருக்கின்றன என்பது அவருக்குப் புலப்பட்டது. வேலூரில் அந்த நல்ல தசைகளின் நாண்களை வழிமாற்றி, செயலிழந்த விரல்களை இயங்கச் செய்தார். மோதிரவிரலை மடக்க இரண்டு நாண்கள் உண்டு. அவற்றில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்குக் கொண்டுவந்து, அது மற்ற விரல்களின் எதிரே வந்து நிற்கும்படி செய்வது அவற்றுள் ஒன்று. அந்தக் கட்டைவிரல்களில் நாண் அறுந்திருக்கவில்லை, நரம்பு செத்திருந்தது. ஆயினும் கணக்கு ஒன்றே. 1985இல் அவர் வெளியிட்ட 'கிளினிக்கல் மெக்கானிக்ஸ் ஆஃப் த ஹேண்ட்' என்ற நூலில் கப்பி, நெம்புகோல், திருப்புத்திறன் என்று நம் பாடப்புத்தகச் சொற்களாகவே வரும். பால் பிராண்ட் 2003இல் காலமானார்.

விழித்தபடியே ஒரு சிகிச்சை

2023 ஜனவரியில் எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. மயக்க மருந்து கொடுக்கவில்லை. கையில் மட்டும் லிக்னோகெயினையும் அட்ரினலினையும் கலந்து ஊசி போட்டார்கள். முன்னது மரக்கச் செய்யும். பின்னது இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் குருதிப் பெருக்கைக் குறைக்கும். விரலில் அட்ரினலின் செலுத்தினால் விரலே அழுகிவிடும் என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலம் எச்சரித்துவந்தன. 2000க்குப் பிறகு நடந்த விரிவான ஆய்வுகள்தாம் அந்த அச்சத்தைப் போக்கின. அரைமணி நேரம் காத்திருந்து, பிறகு தொடங்கினார்கள்.

சுட்டுவிரல் முட்டியின் மேல் ஒரு சிறு கீறல். அங்கே இரு நாண்கள் அருகருகே ஓடுகின்றன. சுண்டுவிரல் பக்கமாக இருப்பது தனி நாண். அதை வெட்டி, மணிக்கட்டில் போட்ட இரண்டாவது கீறல் வழியாக வெளியே இழுத்தார்கள். பிறகு தோலுக்கு அடியில் ஒரு வழி செய்து, கட்டைவிரலின் அடியில் போட்ட மூன்றாவது கீறலுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அறுந்த நாணின் விரல்புறத் துண்டு காத்திருந்தது.

இரண்டையும் முனைக்கு முனை தைக்கவில்லை. பழைய நாணில் சிறு பிளவு போட்டு அதன் வழியே புதிய நாணை நுழைத்து, ஒரு திருப்புக்குச் செங்குத்தாக இன்னொரு பிளவில் நுழைத்து, இப்படி மூன்று முறை முடைந்து, ஒவ்வொரு முடைவிலும் தையல் போட்டார்கள். முடிச்சுப் போடாமல் கயிற்றைப் பிணைக்கத் தெரிந்த படகுக்காரர்களுக்கு இது புரியும். ஆங்கிலேயக் கையறுவை மருத்துவர் பல்வர்டாஃப்ட் பெயரால் இது வழங்குகிறது. நாண்கள் ஒன்றுக்குள் ஒன்று நீளமாகத் தொட்டுக்கொண்டிருப்பதால் பாரம் ஓரிடத்தில் விழாமல் பரவுகிறது.

கடைசித் தையலைப் போடுமுன் ஒரு நிறுத்தம். எவ்வளவு இறுக்குவது? நாண் தளர்ந்திருந்தால் தசையின் 5 செ.மீ. ஓட்டமும் தளர்வை எடுப்பதிலேயே போய்விடும், விரல் எழும்பாது. மிகவும் இறுக்கினால் விரல் எழும்பியே நிற்கும், மடங்காது. பிறகு பேனா பிடிக்க முடியாது. வீணைத் தந்திக்காவது சுருதிப்பெட்டி இருக்கிறது. இதற்கு என்ன?

இங்கே இன்னொரு சோதனை செய்யுங்கள். கையைத் தளர்த்திக்கொண்டு மணிக்கட்டை உட்புறமாகத் தொங்கவிடுங்கள். விரல்கள் தாமே விரியும். மணிக்கட்டைப் பின்புறமாக நிமிர்த்துங்கள், தாமே மடங்கும். எந்தத் தசையும் வேலை செய்யாமலே, நாண்களின் நீளத்தாலேயே இது நடக்கிறது. மயங்கிய நோயாளியின் கையில் மருத்துவர்கள் இப்படித்தான் இறுக்கத்தைச் சரிபார்ப்பார்கள்: மணிக்கட்டை மடக்கினால் கட்டைவிரல் எழ வேண்டும், நிமிர்த்தினால் சுட்டுவிரல் நுனியைத் தொட வேண்டும். என் மணிக்கட்டையும் முதலில் அப்படி ஆட்டிப் பார்த்தார்கள். ஆனால் நான் விழித்திருந்தேனே! "சார், கட்டைவிரலைத் தூக்குங்கள்" என்றார் அம்மையார்.

தூக்க நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கணம் வயிற்றில் புளியைக் கரைத்தது. "கட்டைவிரலை நினைக்காதீர்கள். சுட்டுவிரலால் யாரையாவது காட்டுங்கள்" என்றார். எதிரே நின்ற செவிலியைச் சுட்டிக் காட்ட நினைத்தேன். ஐந்து வாரமாக விழுந்துகிடந்த கட்டைவிரல் எழுந்து நின்றது! மடக்கச் சொன்னார், மடங்கியது, ஆனால் சுண்டுவிரலின் அடிவரை போகவில்லை. சற்று இறுக்கம் என்று சொல்லி ஒரு தையலைப் பிரித்து, சில மில்லிமீட்டர் தளர்த்தி மீண்டும் போட்டார். இப்போது இரண்டும் நடந்தன. அந்தச் சில மில்லிமீட்டரைத் தேர்வில் கேள்வியாகக் கேட்கலாம் என்று அப்போது தோன்றியது, ஆசிரியர் புத்தி.

பிறகு நான்கு வாரம், மணிக்கட்டும் கட்டைவிரலும் நிமிர்ந்தபடி இருக்க ஒரு தாங்கி. புதிய இணைப்பு தொடக்க வாரங்களில் தையல் நூலின் பலத்தில்தான் நிற்கிறது. நாணின் சொந்தக் கொலாஜன் இழைகள் வளர்ந்து பிணைந்து பாரத்தை ஏற்க மூன்று மாதம் போல் ஆகும். அதுவரை தண்ணீர்க்குடம் தூக்கக் கூடாது என்றார்கள். (நான் தூக்குவதில்லை என்பதை வீட்டில் உள்ளவர்கள் அறிவார்கள்.) தாங்கியைக் கழற்றியபின் பயிற்சி. முதல் வாரத்தில் ஒவ்வொரு தடவையும் சுட்டுவிரலை நினைத்துத்தான் கட்டைவிரலைத் தூக்கினேன். எப்போது அதை நிறுத்தினேன் என்று சொல்ல முடியாது. ஒருநாள் பொத்தானைப் போட்டு முடித்தபின்தான், எதையும் நினைக்காமல் போட்டிருக்கிறேன் என்பது தெரிந்தது. மூளை, கயிறு இடம் மாறியதைக் கண்டுகொண்டு, தன் வரைபடத்தைத் திருத்திக்கொண்டுவிட்டது.

இன்று மேசைமேல் கையை வைத்துத் தூக்கினால் என் கட்டைவிரல் எழுகிறது. இடக்கையின் உயரத்துக்கு ஒரு விரற்கடை குறைவு. சுட்டுவிரலும் தனியாக நீள்கிறது, பொதுத் தசையின் தயவில். முன்னைப்போல் விறைப்பாக இல்லை, அவ்வளவுதான். மூக்குப்பொடிப் பெட்டியின் அந்தப்புற வரப்பு என் வலக்கையில் கொஞ்சம் இடம் தள்ளிப் புடைக்கிறது. லிஸ்டர் மேட்டைச் சுற்றிக்கொண்டு வராமல், மணிக்கட்டின் நடுவிலிருந்து கிட்டத்தட்ட நேர்க்கோடாக வருகிறது. இழுவிசைகளின் தொகுபயன் பாடம் நடத்தும்போது மாணவர்களை அருகே அழைத்து இரண்டு கைகளையும் காட்டுகிறேன். எந்தக் கையில் கப்பி இல்லை என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.